அணுக்கழிவு பற்றிய முடிவுகளில் நம் பங்கு: திருகோணமலை மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் இன்றுவரை ஓர் அணுமின் நிலையம்கூட இல்லை. ஆனாலும் மின்வெட்டு வரும்போதெல்லாம், நிலக்கரிக் கப்பல் பிந்தும்போதெல்லாம் அணுமின் பேச்சு எழும்புகிறது. 2022 ஏப்ரலில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து, அணுமின் திட்டம் ஒன்றைத் தொடங்க நாடு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று பரிசீலித்துவிட்டுப் போனது. பேச்செல்லாம் மின்சாரத்தைப் பற்றித்தான். உலை ஓடி முடிந்த பிறகு மிஞ்சுவதை எங்கே வைப்பது என்ற கேள்வி எப்போதும் கடைசியில் வருகிறது. அது வரும் நேரத்தில் இடமும் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

ஆழமான துறைமுகம், பரந்த அரச காணி, ஐதான சனத்தொகை என்று தேடுகிற எவருடைய வரைபடத்திலும் நம் மாவட்டம் முதலில் தெரியும். கடற்படைத் தளமும் எண்ணெய்க் குதங்களும் அப்படித்தான் இங்கே வந்தன. சம்பூரில் நிலக்கரி மின் நிலையம் கட்ட நினைத்ததும் அப்படித்தான். அணுக்கழிவைப் புதைக்க இங்கே இடம் குறித்ததாக எந்த அறிவிப்பும் இல்லை, பீதி கிளப்ப இதை எழுதவுமில்லை. அறிவிப்புக்கு முந்திய காலம்தான் மக்கள் ஆறுதலாகப் படிக்கவும் கேட்கவும் எழுதி வைக்கவும் கூடிய காலம். அணுமின் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் கீழே உள்ள படிகளைப் பயன்படுத்தலாம்.

படி 1: எந்தக் கழிவைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கூட்டங்களில் பாதி நேரம் வீணாவது இதில்தான். ஒருவர் ஆஸ்பத்திரிக் கழிவை நினைத்துக்கொண்டு பேசுவார், இன்னொருவர் செர்னோபிலை நினைத்துக்கொண்டு பதில் சொல்வார். இரண்டும் ஒன்றல்ல.

முதல் வகை, ஏற்கெனவே நாட்டில் இருப்பது. புற்றுநோய்ச் சிகிச்சை, தொழிற்சாலை அளவீட்டுக் கருவிகள், ஆராய்ச்சி ஆகியவற்றில் பயன்பட்டு ஓய்ந்துபோன கதிரியக்க மூலங்கள். இவை அளவில் சிறியவை, பல விரல் நீளம்கூட இருக்காது. கோபால்ற்-60இன் அரைவாழ்வுக் காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஐந்தேகால் ஆண்டு, சீசியம்-137க்கு 30 ஆண்டு. சிறியதுதானே என்று விடமுடியாது. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் ஒரு கருவியைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே இருந்த சீசியத் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதென்று வீட்டாரும் அயலாரும் பங்கிட்டுக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 249 பேருக்குக் கதிரியக்கத் தூசு படிந்திருந்தது. 2010இல் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தையிலும் இதே மாதிரி நடந்தது. அங்கே வந்து சேர்ந்தது ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவி.

திருகோணமலையில் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். மூன்று இதழ் விசிறி போன்ற கதிரியக்கச் சின்னத்தை அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது ஒரு சங்கம் நாளைக்கே செய்யக்கூடிய வேலை. மஞ்சள் பின்னணியில் கறுப்பு நிறத்தில் இருக்கும். இருந்தாற்போல் ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு மீறிய பாரமாக இருந்தால், உள்ளே ஈயக் கவசம் இருக்கலாம். உடைக்கவும் கூடாது, உருக்கவும் கூடாது. விலகி நின்று பொலிசுக்குச் சொல்லவேண்டும்.

இரண்டாவது வகை, இயற்கையாகவே மண்ணில் இருப்பது. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற், உருட்டைல், சேர்க்கோன் இவற்றோடு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கமுடையது. மணல் மணலாகக் கிடக்கும்போது செறிவு குறைவு. பிரித்தெடுத்துக் குவிக்கும்போது கூடும். அந்தக் குவியலை எங்கே, எவ்வளவு காலம், எப்படி மூடி வைக்கவேண்டும் என்பதும் கதிரியக்கக் கழிவுக் கொள்கைக்குள் அடங்கும் கேள்விதான்.

மூன்றாவது வகை, அணு உலை ஒன்று வந்தால் வருவது. 1000 மெகாவாட் உலையொன்று ஆண்டுக்கு 20 முதல் 30 தொன் வரை பயன்படுத்திய எரிபொருளைத் தள்ளும். உலகத்துக் கதிரியக்கக் கழிவின் கனவளவில் இந்த உயர்மட்டக் கழிவு ஏறக்குறைய 3 சதவீதந்தான், ஆனால் மொத்தக் கதிரியக்கத்தில் 95 சதவீதம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டுகள் எடுக்கும். நம் ஊரில் எழுத்தில் உள்ள சரித்திரம் முழுவதும் அதில் பத்தில் ஒரு பங்கு வருமோ தெரியாது.

படி 2: கொள்கைத் தெரிவுகளை வரிசையில் பாருங்கள்

எங்கே புதைப்பது என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சில கேள்விகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பதில் சொல்லிவிட்டுத்தான் கடைசிக் கேள்வியை நம்மிடம் கொண்டுவருவார்.

இந்தக் கழிவை உண்டாக்கத்தான் வேண்டுமா? இது மின்சாரத் திட்டமிடல் கட்டத்தில் முடிவாகிற விஷயம். நாட்டின் நீண்டகால மின் உற்பத்தித் திட்டம் பற்றி இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்பதுண்டு. கழிவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்த நேரத்திலேயே எழுதவேண்டும். “உலையின் செலவில் கழிவின் செலவும் சேர்க்கப்பட்டிருக்கிறதா?” என்ற ஒற்றைக் கேள்வியே போதும்.

பயன்படுத்திய எரிபொருளை விற்றவரே திருப்பி எடுப்பாரா? ரூப்பூர் அணுமின் நிலையத்துக்காக வங்காளதேசம் 2017இல் ரஷ்யாவோடு அப்படியோர் உடன்படிக்கை செய்தது. சிறிய நாட்டுக்கு இது பெரிய ஆறுதல். அப்படியிருந்தும் உலையின் வடிகட்டிகள், கையுறைகள், கடைசியில் உலையின் இரும்பும் கொங்கிறீற்றும் என்று எத்தனையோ நாட்டிலேயே கிடக்கும். திருப்பி எடுப்பது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் எதை, எந்த ஆண்டில், யார் செலவில், உடன்படிக்கை முறிந்தால் என்ன வழி என்று கேட்கவேண்டும்.

மறுசுழற்சி செய்வதா, நேரே புதைப்பதா? பிரான்ஸ் முதலாவதைச் செய்கிறது, பின்லாந்தும் சுவீடனும் இரண்டாவதை. நமக்கு இப்போதைக்கு இது தூரத்துக் கேள்வி, ஆகவே விட்டுவிடுவோம்.

தற்காலிகமாக வைப்பதா, நிரந்தரமாக மூடுவதா? இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். தற்காலிகம் என்று தொடங்கியவை உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாக அப்படியே கிடக்கின்றன. கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் மையம் பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பின் அடித்தளமே இதுதான்: நிரந்தர இடம் எங்கே என்று சொல்லாமல் தற்காலிக இடத்துக்கு மட்டும் சம்மதம் கேட்டால், தற்காலிக இடமே நிரந்தரமாகிவிடும் என்ற பயம். நியாயமான பயம்.

மூடிய பிறகு திறக்கமுடியுமா? பிரான்ஸின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஆழ்நிலக் களஞ்சியத்தில் வைத்த கழிவைக் குறைந்தது 100 ஆண்டுக்காவது திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. ஜேர்மனியில் ஆஸே என்ற பழைய உப்புச் சுரங்கத்தில் 1960களிலும் 70களிலும் ஏறக்குறைய 126,000 பீப்பாய்களை இறக்கினார்கள். பிறகு தண்ணீர் கசியத் தொடங்கியது. அவற்றையெல்லாம் திருப்பி எடுக்கவேண்டும் என்று 2013இல் சட்டம் போட்டார்கள். உப்பு உலர்ந்தது, பாதுகாப்பானது என்று ஒரு காலத்தில் நிபுணர்களும் நம்பியிருந்தார்கள்.

காசு யாருடையது? சுவீடனிலும் பின்லாந்திலும் அணுமின் கம்பனிகள் கழிவுக்கென்று தனி நிதியில் பணம் கட்டவேண்டும். உலை ஓடும்போதே அந்த நிதி சேராவிட்டால், உலை நின்ற பிறகு பிறக்கும் பிள்ளைகள்தான் கட்டுவார்கள்.

கடைசியாக: ஊர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது செல்லுமா? என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாத இடத்தில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எடுக்க முடியாது.

படி 3: மற்ற நாடுகள் பட்டதைப் படியுங்கள்

தாய்வானின் லான்யூ தீவிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது நம்மைப் போல மீன்பிடியை நம்பிய ஊர். தாவோ என்ற பழங்குடியினரின் தீவு, பறக்கும் மீன் பருவம்தான் அவர்களுடைய ஆண்டின் உச்சம். அங்கே கட்டப்படுவது மீன் ரின் தொழிற்சாலை என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. 1982இல் வந்து இறங்கியது அணுக்கழிவுப் பீப்பாய்கள். எதிர்ப்புப் பெருகியதால் 1996இல் புதிதாகக் கொண்டுவருவது நின்றது, ஆனால் வந்த ஏறக்குறைய ஒரு லட்சம் பீப்பாய்கள் போகவில்லை. 2016இல் ஜனாதிபதி சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்ட பிறகும் பீப்பாய்கள் அங்கேயேதான்.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் பல இடங்களை ஒப்பிட்டுத் தேரச் சொன்னது. 1987இல் காங்கிரஸ் அந்தச் சட்டத்தைத் திருத்தி, நெவாடாவின் யக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்றது. நெவாடா மாநிலம் எதிர்த்தது, ஆளுநரின் மறுப்பை 2002இல் காங்கிரஸ் செல்லாததாக்கியது. இவ்வளவு பலம் இருந்தும் 2010 அளவில் திட்டம் நின்றுபோனது. பல நூறு கோடி டொலரும் கிட்டத்தட்டக் கால் நூற்றாண்டும் போயின. 2012இல் ஜனாதிபதியின் பணிப்பில் அமைக்கப்பட்ட ஆணைக்குழு, இனிமேல் ஊரின் சம்மதத்தோடுதான் இடம் தேரவேண்டும் என்று எழுதியது.

பின்லாந்தில் சட்டமே வேறு. கழிவுக் களஞ்சியம் வரும் ஊராட்சிக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு, அரசால் அதை மீற முடியாது. யூராயோகி ஊராட்சி மன்றம் 2000 ஜனவரியில் 20க்கு 7 என்று ஆதரவாக வாக்களித்தது, அடுத்த ஆண்டு பாராளுமன்றம் 159க்கு 3 என்று அங்கீகரித்தது. இன்று ஒன்கலோ என்ற அந்தச் சுரங்கம் 400 மீற்றருக்கும் கீழே பாறைக்குள் இருக்கிறது. எரிபொருளை வார்ப்பிரும்புச் சட்டகத்தில் அடுக்கி, செப்புக் குடுவைக்குள் மூடி, சுற்றிவரத் தண்ணீர் பட்டால் ஊதிப் பிடிக்கும் பென்ரனைற் களிமண்ணை இறுக்கி அடைப்பார்கள். சோதனை ஓட்டம் 2024இல் தொடங்கியது. அந்த ஊருக்கு ஏற்கெனவே அணுமின் நிலையத்தோடு நீண்ட பழக்கம் இருந்தது என்பதையும் மறக்கவேண்டாம். வாக்கெடுப்பை மட்டும் அங்கிருந்து எடுத்துவந்து இங்கே நடத்தினால் அதே பலன் கிடைக்காது.

எனக்குச் சுவீடனின் பாடம்தான் மிகப் பெரிதாகப் படுகிறது. 1995இல் ஸ்தூருமான், 1997இல் மாலோ என்று இரண்டு ஊர்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றன, கழிவுக் கம்பனி இரண்டையும் விட்டு விலகியது. ஊர் சொன்னது செல்லும் என்று அப்போதுதான் மற்ற ஊர்கள் நம்பின. அடுத்து, எதிர்த்து ஆராயும் சுற்றாடல் அமைப்புகளுக்கும் கழிவு நிதியிலிருந்தே பணம் கொடுத்தார்கள். செப்புக் குடுவை அரித்துப்போகாதா என்ற கேள்வியை விஞ்ஞானிகளும் இந்த அமைப்புகளும் விடாமல் எழுப்பினார்கள். 2018இல் சுற்றாடல் நீதிமன்றம், குடுவை பற்றி இன்னும் ஆதாரம் வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொன்னது. கம்பனி மேலதிக ஆய்வுகளைக் கொடுத்தது. 2020இல், களஞ்சியம் வரவிருக்கும் ஒஸ்தம்மார் ஊரின் மன்றம் சம்மதித்தது, 2022 ஜனவரியில் அரசாங்கம் அனுமதித்தது. கேள்வி கேட்பவருக்குச் சம்பளம் கொடுத்ததால்தான் அந்தத் திட்டத்தின் ஓட்டைகள் காகிதத்தில் இருக்கும்போதே வெளியே தெரிந்தன.

தென்கொரியாவையும் பாருங்கள். 2003இல் புவான் மாவட்டத் தலைவர் ஊரைக் கேட்காமலே கழிவுக் களஞ்சியத்துக்கு விண்ணப்பம் போட, மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. 2005இல் உயர்மட்டக் கழிவு அந்த இடத்துக்கு வராது என்று சட்டத்தில் எழுதி, 30,000 கோடி வொன் உதவியும் அறிவித்து, நான்கு இடங்களில் வாக்கெடுப்பு வைத்தார்கள். கியொங்ஜு 89.5 சதவீத ஆதரவோடு வென்றது. காசு பேசியது என்று சொல்லலாம். எந்தக் கழிவு வராது என்று சட்டத்தில் எழுதிக் கொடுத்ததும் பேசியது.

யாரை ஊரார் என்று எண்ணுகிறார்கள் என்பதை அவுஸ்திரேலியாவின் கிம்பாவில் பார்க்கலாம். அணுக்கழிவு நிலையம் பற்றி அங்கே நடந்த வாக்கெடுப்பில், அந்த மண்ணின் பழங்குடி மக்களான பார்ன்கார்லாவினரில் பெரும்பாலானோர் சேர்க்கப்படவில்லை, அந்த நகர எல்லைக்குள் அவர்கள் குடியிருக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அமைச்சர் முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டார் என்ற தோற்றம் இருந்ததாகச் சொல்லி, 2023 ஜூலையில் நீதிமன்றம் இடத் தேர்வை ரத்துச் செய்தது. இடம்பெயர்ந்து திரும்பிய சனம் நிறைந்த நம் மாவட்டத்தில் இந்த வழக்கை ஒவ்வொரு சங்கமும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

படி 4: நம் சட்டத்தில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம் இரண்டு நிறுவனங்களைப் பிரித்து வைத்தது. இலங்கை அணுசக்திச் சபை அணுத் தொழில்நுட்பத்தை வளர்க்கும் பக்கம். இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அனுமதிப்பத்திரம் கொடுத்துக் கண்காணிக்கும் பக்கம். பாதுகாப்புப் பற்றிய கேள்வியைப் பேரவைக்கும், திட்டம் பற்றிய கேள்வியைச் சபைக்கும் அனுப்பவேண்டும். மாறி அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1993 ஜூன் வர்த்தமானிப் பட்டியலில் அணுமின் நிலையமும் நச்சுக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையமும் இருக்கின்றன. கழிவுக் களஞ்சியம் மட்டும் தனியாக வந்தால் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. முழு மதிப்பீடு என்றால் அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எவரும் கருத்து அனுப்பலாம். சிறிய திட்டங்களுக்கான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்றால் அறிக்கையைப் பார்வையிடலாமே தவிர, அந்த 30 நாள் கிடையாது. ஆகவே எது என்று முடிவாகும் கட்டத்திலேயே நாம் அங்கே இருக்கவேண்டும்.

தகவல் அறியும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக் காசில் ஒரு லட்சம் டொலருக்கு மேலும் உள்நாட்டுக் காசில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேலும் வரும் திட்டம் எதையும், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்குத் தெரிவிப்பது அமைச்சரின் கடமை. “எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?” என்று கோபப்படுவதைவிட, 9ஆம் பிரிவைச் சுட்டிக் கடிதம் எழுதுவது வேலை செய்யும்.

படி 5: முதல் கடிதத்தை இந்த மாதமே போடுங்கள்

தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தனி ஆளாகவும் போடலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் சங்கமாகவும் போடலாம். ‘அணுக்கழிவு பற்றிய எல்லாத் தகவலும் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. குறிப்பான ஆவணத்தைக் கேட்கவேண்டும். இப்படி எழுதலாம்:

“தகவல் உத்தியோகத்தர் அவர்கட்கு,

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவல்களைத் தமிழில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. கதிரியக்கக் கழிவு முகாமைத்துவம் பற்றி நடைமுறையிலுள்ள தேசியக் கொள்கை ஆவணத்தின் பிரதி.
2. பாவனையிலிருந்து நீக்கப்பட்டுத் தற்போது சேமிப்பில் உள்ள கதிரியக்க மூலங்களின் வகையும் எண்ணிக்கையும்.
3. அணுமின் நிலையத்துக்கோ கழிவுச் சேமிப்புக்கோ திருகோணமலை மாவட்டத்தில் ஏதேனும் இடம் ஆராயப்பட்டிருப்பின், அந்த இடத்தின் பெயர், ஆய்வு நடந்த திகதி, ஆய்வறிக்கையின் பிரதி.
4. பயன்படுத்திய எரிபொருளை வழங்கும் நாடே திருப்பி எடுப்பது பற்றி வேறு எந்த அரசுடனும் செய்துகொண்ட உடன்படிக்கை அல்லது புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் பிரதி.
5. வெளிநாட்டுக் கதிரியக்கக் கழிவை இலங்கைக்குள் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்ட ஏற்பாட்டின் விபரம்.”

பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். கையால் கொடுத்தால் கிடைத்ததற்கான கடிதத்தை அங்கேயே கேட்டு வாங்கவேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தேசியப் பாதுகாப்பு என்று மறுக்கக்கூடும். பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கவேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது, மேன்முறையீட்டில் அதை எழுதுங்கள்.

படி 6: ஊரைக் கூட்டும் விதம்

வாரநாளில் காலை பத்து மணிக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? உத்தியோகத்தர்களும் இரண்டொரு சங்கத் தலைவர்களும். இரவு வலைக்குப் போன தோணிகள் கரை சேர்ந்து, மீன் விற்று, வலை கழற்றி முடியும் நேரம் அதுதான். பெண்கள் அடுப்படியில். பின்னேரம் நாலரைக்குப் பிறகு, பள்ளிக்கூட மண்டபத்தில், வெள்ளிக்கிழமையையும் கோயில் திருவிழா நாட்களையும் தவிர்த்து வையுங்கள். முன்வரிசைக் கதிரைகளைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காதீர்கள். அதிகாரி ஒரு மணித்தியாலம் பேசி மக்களுக்குப் பத்து நிமிடம் விடுவதைத் தலைகீழாக்கி, முதலில் ஊராரின் கேள்விகளை எழுதியெடுத்து, பிறகு பதில் கேட்கலாம்.

“கடலுக்குள்ள சுடுதண்ணி விடுவீங்களோ, விட்டா மீன் எங்க போகும்?” என்று ஒரு கரைவலைக்காரர் கேட்பது எந்த அறிக்கையிலும் உள்ள கேள்வியைவிடக் கூர்மையானது. அவர் கேட்ட சொல்லிலேயே குறிப்பேட்டில் ஏறவேண்டும்.

யாரைக் கூப்பிட மறக்கிறோம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் சமூகம். பருவத்துக்கு வந்து வாடி அடித்துத் தொழில் செய்யும் மேற்குக் கரை மீனவர்கள். காணி இங்கே, குடியிருப்பு வேறெங்கோ என்றிருக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்கள். கிண்ணியா, புல்மோட்டை முஸ்லிம் ஊர்கள், சேருவில, கோமரங்கடவல சிங்கள ஊர்கள். நிலத்தடி நீரும் கடல் நீரோட்டமும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஓர் ஊரின் எதிர்ப்பை ஓர் இனத்தின் எதிர்ப்பு என்று ஒதுக்கிவைப்பது இந்த நாட்டில் மிகச் சுலபம். மூன்று மொழியிலும் ஒரே கடிதம், மூன்று சமூகத்தின் கையெழுத்தோடு போனால் அப்படி ஒதுக்க முடியாது.

படி 7: 30 நாளுக்குள் கருத்து எழுதுவது

அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும். எல்லாவற்றையும் ஒருவரே படிக்க முயலவேண்டாம். பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், பல்கலைக்கழக மாணவர், மீனவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் என்று ஐந்தாறு பேருக்கு அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுங்கள். தமிழ்ப் பிரதி முழுமையாக இருக்கிறதா, சுருக்கம் மட்டுந்தானா என்று முதல் நாளே பாருங்கள். சுருக்கம் மட்டுமென்றால் அதையே முதல் ஆட்சேபமாக எழுதி, கால நீடிப்புக் கேளுங்கள். மார்கழி மழையில் அறிவித்தல் வந்தாலும் அப்படியே, பாதி ஊர் வெள்ளத்தில் நிற்கும்போது 30 நாள் என்பது காகிதத்தில் மட்டுந்தான்.

நம் மண்ணுக்கே உரிய கேள்விகளைக் கேட்பதுதான் பலம். கன்னியா சுடுநீர்க் கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, மறுபடி மேலே வருவதால்தான் அந்தத் தண்ணீர் சுடுகிறது. இலங்கையின் சுடுநீர் ஊற்றுகள் பெரும்பாலும் ஹைலண்ட், விஜயன் என்ற இரண்டு பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இருக்கின்றன. ஆழ்நிலக் களஞ்சியத்தின் முதல் எதிரி தண்ணீர். ஆழத்தில் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு இவ்வளவு வெளிப்படையான சாட்சி உள்ள மாவட்டத்தில் எந்த ஆழம்வரை துளையிட்டுப் பார்த்தார்கள், வெடிப்புகளின் வரைபடம் எங்கே, நீரின் வயதை அளந்தார்களா என்று கேட்கலாம். பதில் சாதகமாகவும் இருக்கலாம், ஆனால் அது எழுத்தில் வரவேண்டும்.

கடல் பற்றிக் கேளுங்கள். 2004 டிசம்பரில் இந்தக் கரையில் நடந்தது நமக்குத் தெரியும். அன்று கல்பாக்கத்திலும் கடல்நீர் புகுந்து உலையை நிறுத்தவேண்டி வந்தது. கழிவு கப்பலில் வரும் அல்லது போகும் என்றால் எந்த இறங்குதுறை, எந்த வீதி, விபத்து நேர்ந்தால் மூதூர் ஆஸ்பத்திரியில் யார் என்ன செய்வார். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் இடத்தில் பெருவெள்ளம் எந்த அளவுக்கு ஏறும் என்று கணக்குப் பார்த்தார்களா. மீனுக்குப் பாதிப்பே இல்லாவிட்டாலும், ‘அணுக்கழிவுக் கரை மீன்’ என்ற பேச்சு வந்தால் விலை விழுமே, அதற்கு ஈடு யார்?

ஒவ்வொரு கருத்துக்கும் அறிக்கையின் பக்க எண்ணைப் போடுங்கள். நூறு பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட மனுவைவிட, பக்க எண்ணோடு வந்த இருபது தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கடினம். பகிரங்க விசாரணை வேண்டும் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அது நிறுவனத்தின் விருப்பத்தில் தங்கியது, கேட்காவிட்டால் வராது.

படி 8: பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் என்ன கேட்பது

வேலைவாய்ப்பும் வீதியும் விளையாட்டு மைதானமும் முதலில் பேசப்படும். அவற்றைப் பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். முதலில், எந்தக் கட்டத்தில் ஊர் விலகலாம் என்ற தேதி எழுத்தில் வேண்டும். எந்தக் கழிவு வரும், எது ஒருபோதும் வராது என்பது வாக்குறுதியாக இல்லாமல் சட்டமாக வேண்டும். ஊருக்கென்று சுயாதீன நிபுணரை நியமிக்கும் பணம், ஊரே தெரிந்தெடுக்கும் நிபுணருக்கு. கதிரியக்க அளவீடுகளை வேலை தொடங்கும் முன்பே எடுத்து வெளியிடவேண்டும், இல்லாவிட்டால் பிறகு கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. புல்மோட்டை மணலின் இயற்கைக் கதிரியக்கத்தைக் காட்டி, “முன்பே இருந்ததுதான்” என்று சொல்லிவிட இடம் வைக்கக்கூடாது.

கனடாவில் இக்னேஸ் நகரமும் வபிகூன் ஏரி ஒஜிப்வே மக்களும் தனித்தனியாக வாக்களித்துச் சம்மதித்த பிறகுதான் 2024 நவம்பரில் களஞ்சியத்துக்கு இடம் அறிவிக்கப்பட்டது. அதே நாட்டில் 2020 ஜனவரியில் சோகீன் ஒஜிப்வே மக்கள் 1,058க்கு 170 என்று மறுத்த இன்னொரு களஞ்சியம் கைவிடப்பட்டது. இரண்டையும் அச்சடித்து முன்னால் வையுங்கள்.

படி 9: கதவை அடைத்தால்

சம்பூர் நிலக்கரித் திட்டம் நமக்குத் தெரிந்த வழக்கு. 500 மெகாவாட், இந்திய–இலங்கைக் கூட்டு. 2006இல் இடம்பெயர்ந்த மக்கள் தங்கள் காணிக்காக ஆண்டுக்கணக்கில் நின்றார்கள், சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது, 2016 செப்டெம்பரில் அந்த நிலையத்தைக் கட்டப்போவதில்லை என்று அரசு நீதிமன்றத்துக்குச் சொன்னது. வென்றது உண்மை. அந்த வெற்றிக்கு முன் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முகாமில் வளர்ந்ததும் உண்மை. அதனால்தான் முதல் எட்டுப் படிகளையும் இவ்வளவு விரித்து எழுதினேன்.

எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம் 2000இல், சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒப்பந்தத்தை அனுமதிக்கவில்லை. சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கில் 2019இல், மாசுபட்ட கிணறுகளின் சொந்தக்காரர்களுக்கு மொத்தம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. உங்கள் சட்டத்தரணி இந்த இரண்டையும் கட்டாயம் படித்திருக்கவேண்டும்.

அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதந்தான் காலம். மீறல் நடந்த நாளிலிருந்து எண்ணுவார்கள், நமக்குக் கோபம் வந்த நாளிலிருந்து அல்ல. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். போகும்போது அறிவித்தல் வந்த பத்திரிகையின் முழுப் பக்கம் திகதியோடு, 5ஆம் படியின் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், கூட்டக் குறிப்பேடு, 30 நாளுக்குள் அனுப்பிய கருத்தின் பிரதி ஆகிய நான்கையும் கொண்டுபோங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிடவேண்டாம். பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, மூலத்தைச் சங்கத்தில் இரண்டு பேர் வீட்டில் பிரித்து வையுங்கள்.